இனிப்பு: இல்லை

"கண்ணாடியைப் பாருங்க" என்றார் பல் டாக்டரம்மா. நாக்குக்காரர் பார்த்தார். பார்த்த வேகத்தில் வாயை மூடிக்கொண்டார்.

ஐந்து நிமிடத்துக்கு முன்னால் ஒரு சின்ன மாத்திரையைக் கொடுத்து, நன்றாக மென்று, பல் முழுக்க நாக்கால் தடவித் துப்பச் சொல்லியிருந்தார். துப்பிவிட்டுப் பார்த்தால் ஒவ்வொரு பல்லின் அடியிலும், ஈறு தொடுகிற இடத்தில், கருஞ்சிவப்பாக ஒரு கறை. முன்பல்லில் கோடு மாதிரி, கடைவாயில் திட்டுத் திட்டாக. யாரையோ கடித்துவிட்டு வந்த வாய் போல இருந்தது.

"பயப்படாதீங்க, ரத்தம் இல்ல. பல்லுல ஒட்டியிருக்கிற படலம். ப்ளாக்னு சொல்வோம். சும்மா பார்த்தா தெரியாது, அந்த மாத்திரைச் சாயம் பட்டா ஒளிய முடியாது. அதனாலதான் ஈறுல ரத்தம் கசியுது, வாயும் நாறுது. காலையில பல் விளக்குறீங்களா?"

"விளக்குறேனே."

"நீங்க சொல்றீங்க. உங்க பல்லு வேற மாதிரி சொல்லுது." டாக்டரம்மா சிரித்தார். "என்ன வேலை பார்க்கிறீங்க?"

"தண்ணிக் கம்பெனியில."

"நாள் பூரா தண்ணிக்குள்ள நின்னுட்டு வாயைக் கழுவ நேரமில்லையாக்கும்!"

நாக்குக்காரரும் சிரித்தார், வாயைத் திறக்காமல்.

தண்ணீர்க் கம்பெனியில் என்ன வேலை என்பதை அவர் சொல்லவில்லை. எப்படிச் சொல்வது? ருசி பார்க்கிற வேலை. இருபத்திரண்டு வருஷமாக நாக்கை வைத்துத்தான் பிழைப்பு. இந்த வாயை வைத்துக்கொண்டு அதைச் சொன்னால் அந்த அம்மா என்ன நினைப்பார்? இன்னொன்று, பல் இப்படி ஆனதே அந்த வேலையால்தான். ருசி பார்க்கிறவர்கள் காலையில் பற்பசை போடமாட்டார்கள். புதினா வாடை நாக்கில் ஏறினால் மத்தியானம் வரை இறங்காது. வெறும் தண்ணீரில் கொப்பளித்துவிட்டுப் போவதுதான் வழக்கம். ராத்திரி தேய்க்கலாம் என்றால், சாப்பிட்ட களைப்பில் பாதி நாள் மறந்துபோகும். இருபத்திரண்டு வருஷம் இப்படி ஓடினால் பல் என்ன செய்யும், பாவம்.

"புதினா வாசம் எனக்கு ஆகாது டாக்டர். தும்மித் தும்மி உயிர் போயிரும்" என்று வாய் கூசாமல் ஒரு பொய் சொன்னார்.

"அப்ப வாசம் இல்லாம ஒண்ணு தரேன். ஜிங்க் கலந்த மருந்துத் தண்ணி, துத்தநாகம். கிருமி பல்லுல ஒட்டுறதைக் குறைக்கும், படலம் சேர்றது மட்டுப்படும், வாய் நாத்தமும் போகும். ஆனா பல் தேய்க்கிறதுக்குப் பதிலா இல்ல, தேய்ச்சிட்டு அதுக்கு மேல. புரியுதா? காலையில ஒண்ணு, ராத்திரி ஒண்ணு. அரை நிமிஷம் கொப்பளிச்சுத் துப்பிடணும். கொஞ்சம் துவர்க்கும், பாட்டில்ல ஒட்டியிருக்கிறதையும் படிச்சுப் பாருங்க."

நாக்குக்காரர் தலையாட்டினார். அவருடைய மூக்குக்கண்ணாடி வீட்டில் இருந்தது.

*

கம்பெனி அப்படியொன்றும் பெரியதில்லை. ஆழ்துளைத் தண்ணீரை வடிகட்டி, கிருமி சாக நன்றாகச் சூடாக்கி, பிறகு ஆறவைத்து கேனில் அடைப்பார்கள். சூட்டோடு அடைத்தால் பிளாஸ்டிக் வாடை வந்துவிடும். ஆறவைக்கத்தான் அந்தத் தகட்டுப் பெட்டி. நகத்தைவிடக் கொஞ்சம் தடிமனான எஃகுத் தகடுகளைச் சீட்டுக்கட்டு மாதிரி அடுக்கி இறுக்கியிருக்கும். ஒரு இடுக்கில் சூடான தண்ணீர் ஓடும், அடுத்த இடுக்கில் குளிர்ந்த பாகு ஓடும். நடுவில் அந்தத் தகடு மட்டும்தான்.

பாகு என்பது ஆட்கள் வைத்த பெயர். வண்டி ரேடியேட்டரில் ஊற்றுகிற ஜாதி. கொழகொழவென்று, நிறமில்லாமல், வாடையில்லாமல், தித்திப்பாக இருக்கும். தித்திப்பாக இருக்கும் என்பதுதான் அதில் இருக்கிற விஷமம். உள்ளே போனால் குடித்தவன் மாதிரி தள்ளாட்டம், அப்புறம் தூக்கம், அப்புறம் சிறுநீரகம் போகும் என்று பெட்டியின் பக்கத்திலேயே மஞ்சள் பலகையில் எழுதி வைத்திருந்தார்கள்.

நாக்குக்காரரின் அறை அதற்கு எதிரே. வெள்ளை மேஜை, வரிசையாகக் கண்ணாடிக் கோப்பைகள், ஒரு நோட்டு. மணிக்கு ஒரு தடவை கேன் நிரப்புகிற குழாயிலிருந்து ஒரு கோப்பை வரும். ஒரு மடக்கு வாயில் வைத்து, உருட்டி, துப்பிவிட்டு, நோட்டில் நாலு கட்டம் எழுத வேண்டும். வாடை, உப்பு, கசப்பு, இனிப்பு. முதல் மூன்றில் எது வந்தாலும் அந்தக் கேன்களை ஓரமாக எடுத்து வைத்தால் போதும். நாலாவது வந்தால் சுவரில் இருக்கிற சிவப்புப் பொத்தானை அழுத்தி ஆலையையே நிறுத்த வேண்டும்.

ஒரே ஒரு தடவை அழுத்தியிருக்கிறார், பதினாலு வருஷத்துக்கு முன்னால். யாருக்கும் தெரியாத இனிப்பு அது. மேனேஜர் குடித்துப் பார்த்து "ஒண்ணுமில்லையே" என்றார். பெட்டியைப் பிரித்தார்கள். ஊசி நுழைகிற அளவு ஓட்டை. அன்றைக்கு வந்த பெயர்தான் நாக்குக்காரர். சொந்தப் பெயர் சம்பளச் சீட்டில் மட்டும் இருந்தது.

வாராவாரம் வெளி ஆய்வகத்துக்குத் தண்ணீர் போகும். கிருமி பார்ப்பார்கள், உப்பு பார்ப்பார்கள். பாகு அந்தப் பட்டியலில் இல்லை. யாராவது கேட்டால் "அதுக்குத்தான் நாக்குக்காரர் இருக்காரே" என்பார்கள்.

*

துத்தநாகத் தண்ணீர் வேலை செய்தது. பொய் சொல்லக்கூடாது, நன்றாகவே வேலை செய்தது. நாலாம் நாள் ஈறில் ரத்தம் நின்றது. காலையில் எழுந்தால் வாயில் இருந்த பிசுபிசுப்பு இல்லை. பல்லை நாக்கால் தடவினால் கழுவிக் கவிழ்த்த தட்டு மாதிரி வழுவழு என்றிருந்தது. மனைவி பக்கத்தில் வந்து பேசினாள்.

"ஏங்க, என்ன போட்டாங்க உங்க வாயில? மூக்கைப் பிடிக்காம பேச முடியுது!"

"ரொம்பப் பேசாதே."

"நீங்க பேசுங்க, நான் கேக்குறேன். பத்து வருஷக் கதை பாக்கி இருக்கு."

கம்பெனியிலும் அப்படித்தான். நோட்டைப் பார்க்க வந்தால் வாசற்படியில் நின்று கைக்குட்டையோடு பேசுகிற மேனேஜர், அன்றைக்கு மேஜை வரைக்கும் வந்தார். "என்னய்யா, மாப்பிள்ளை கணக்கா இருக்கே! திங்கட்கிழமை கோப்பைப் பரீட்சை, ஞாபகம் இருக்கில்ல?"

கோப்பைப் பரீட்சை வருஷத்துக்கு ஒரு முறை. வெளியிலிருந்து ஒருவர் வந்து ஏழு கோப்பை வைப்பார். எதில் என்ன கலந்திருக்கிறது என்று சொல்ல வேண்டும். போன வருஷம் இன்னொரு ருசிக்காரர் இரண்டு கோப்பையில் தவறினார். இப்போது அவர் கேன் கழுவுகிற இடத்தில் இருக்கிறார். அவருக்கும் ஒரு பெயர் வைத்திருந்தார்கள், கட்டை நாக்கு. அவர் காதுபடவே கூப்பிட்டார்கள். அவருக்குப் பதில் ஆள் போடவில்லை, நாக்குக்காரர் ஒருத்தர் போதும் என்று விட்டுவிட்டார்கள்.

அந்தப் பரீட்சை நினைப்பில்தான் நாக்குக்காரர் ஒரு காரியம் செய்தார். மருந்துத் தண்ணீரைக் கொஞ்சம் ஒரு சின்னப் பாட்டிலில் ஊற்றி வேலைக்கும் கொண்டுபோனார். மருந்து என்று யாருக்கும் தெரிய வேண்டாம் என்று ஒட்டுச்சீட்டு இல்லாத பாட்டிலாகப் பார்த்து எடுத்தார். ஒவ்வொரு கோப்பைக்கும் முன்னால் ஒரு கொப்பளிப்பு. அவர் கணக்கு இதுதான்: நாக்கைக் கெடுப்பது வாசம். இதில் வாசம் இல்லை. வாசமே இல்லாதது நாக்கை என்ன செய்துவிடும்? வாய் சுத்தமாக இருந்தால் நாக்கு இன்னும் கூர்மையாகத்தானே இருக்கும்? வெங்காயம், ஏலக்காய், சிகரெட், சென்ட் என்று இருபத்திரண்டு வருஷமாக வாசத்துக்கே பயந்து பயந்து வாழ்ந்தவருக்கு வேறு பயம் தெரியாது.

*

முதலில் காபியில் தெரிந்தது.

"சர்க்கரை தீர்ந்துபோச்சா?"

"ரெண்டு ஸ்பூன் போட்டிருக்கேன். வழக்கமா போடுறதுதான்."

"எங்க போட்டே? டப்பாவைச் சுத்திப் போட்டியா?"

மனைவி அவர் தம்ளரை வாங்கி ஒரு வாய் குடித்தாள். முகத்தைச் சுளித்தாள். "பாகு காய்ச்சின மாதிரி இருக்கு. உங்க நாக்குக்கு ராஜ உபசாரம் ஜாஸ்தியாயிருச்சு, அதான்."

அவள் பாகு என்றது அவர் காதில் ஒரு நொடி தங்கியது. பிறகு போய்விட்டது.

மறுநாள் புதன்கிழமை. காலையில் கொப்பளித்து முடித்ததும் ஏதோ தோன்றி, சமையலறைக்குப் போய், டப்பாவைத் திறந்து ஒரு சிட்டிகைச் சர்க்கரையை நாக்கில் வைத்தார். நறநறவென்று இருந்தது. கரைந்தது. அவ்வளவுதான். ஆற்று மணலை வைத்த மாதிரி. இன்னொரு சிட்டிகை. ஒன்றுமில்லை. உப்பை வைத்துப் பார்த்தார், உப்பாகவே கரித்தது. மறுபடி சர்க்கரை, இந்தத் தடவை ஒரு கரண்டி நிறைய. வாய் பூராவும் கூழாகிப்போய், தித்திப்பு மட்டும் வரவில்லை.

அடுப்பு மேடையைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

வயசாகிவிட்டது என்றுதான் நினைத்தார். ஐம்பத்து நாலு வயசு. கண்ணுக்குக் கண்ணாடி வந்த மாதிரி நாக்குக்கும் ஏதோ வந்துவிட்டது. அதற்கு எந்தக் கடையில் கண்ணாடி விற்பார்கள்? மேடையில் அந்த மருந்துப் பாட்டில் ஒரு சாண் தள்ளித்தான் இருந்தது. அதை அவர் பார்க்கக்கூட இல்லை.

யாரிடமும் சொல்லவில்லை. திங்கட்கிழமை பரீட்சை இருந்தது. கேன் கழுவுகிற இடமும் இருந்தது, அங்கே இன்னொரு ஆளுக்கு இடமும் இருந்தது.

வேலைக்குப் போனார். மணிக்கொரு கோப்பை வந்தது. வாயில் வைத்தார், உருட்டினார், துப்பினார். தண்ணீர் எந்த ருசியும் இல்லாமல் இருந்தது. நல்ல தண்ணீர் அப்படித்தான் இருக்க வேண்டும். ஒன்றுமில்லாததை ருசி பார்க்கிறவனுக்கு, ஒன்றும் தெரியாமல் போனது எப்படித் தெரியும்? நோட்டில் எழுதினார். வாடை: இல்லை. உப்பு: இல்லை. கசப்பு: இல்லை. நாலாவது கட்டத்துக்கு வரும்போது மட்டும் பேனா கொஞ்சம் நின்றது. பிறகு எழுதியது. சாயங்காலத்துக்குள் அதுவும் பழகிப்போய், கோப்பை வருவதற்கு முன்பே நாலு கட்டத்தையும் நிரப்பி வைக்க ஆரம்பித்தார்.

*

வியாழக்கிழமை குளிர்சாதன மெக்கானிக் அறைக்குள் தலையை நீட்டினான். கையில் எண்ணெய்த் துணி, நெற்றியில் சுருக்கம்.

"அண்ணே, ஒரு நிமிஷம். பாகுத் தொட்டியில அளவு இறங்குது."

"ஊத்து."

"ஊத்தினேனே. செவ்வாக்கிழமை ஒரு வாளி, இன்னிக்கு ஒரு வாளி. எங்க போகுதுன்னுதான் தெரியல. குழாய் பூரா தடவிப் பார்த்துட்டேன், தரையில படுத்தும் பார்த்துட்டேன். ஒரு சொட்டு ஈரம் இல்ல."

"ஆவியா போயிருக்கும்."

"என்னண்ணே, பாகு ஆவியாகுமா? ஆத்துல போட்டாலும் அளந்து போடணும்பாங்க, இது ஆத்துலயும் இல்ல." மெக்கானிக் உள்ளே வந்து குரலைத் தாழ்த்தினான். "போன மாசம் புது பம்ப் போட்டாங்கல்ல. அது பாகை ரொம்ப முட்டித் தள்ளுது. அந்தப் பழைய ஓட்டைக்கு அப்புறம் தண்ணியோட அழுத்தத்தைத்தான் ஜாஸ்தியா வச்சிருந்தாங்க, தகடு ஓட்டை விழுந்தாலும் தண்ணிதான் பாகுப் பக்கம் போகும். இப்ப தலைகீழ். மேனேஜர்கிட்ட சொன்னேன். பெட்டியைப் பிரிச்சா ரெண்டு நாள் ஆலை நிக்கும், உனக்கு என்ன போச்சுங்கறாரு."

நாக்குக்காரர் கோப்பையைத் துடைத்தார். ஏற்கெனவே துடைத்த கோப்பை.

"அதான் உங்ககிட்ட வந்தேன்" என்றான் மெக்கானிக். "மேனேஜர் என்னை நம்பமாட்டாரு. உங்க நாக்கை நம்புவாரு. சொல்லுங்கண்ணே, தண்ணியில ஏதாச்சும் தித்திப்பு தெரியுதா? லேசா? நுனியிலயாவது?"

எதிரே கண்ணாடி வழியாகத் தகட்டுப் பெட்டி தெரிந்தது. எப்போதும் போல உறுமிக்கொண்டிருந்தது. மஞ்சள் பலகை தெரிந்தது. எனக்குத் தெரியலப்பா, என் நாக்கு செத்துப்போச்சு, நீ வேற யாரையாவது குடிச்சுப் பார்க்கச் சொல்லு. இவ்வளவுதான் சொல்ல வேண்டியிருந்தது. வாய் திறந்தது.

"இல்லையே" என்றார்.

"நிச்சயமா?"

"நோட்டைப் பாரு. எத்தனை வருஷமா எழுதுறேன்."

மெக்கானிக்கின் முகம் தெளிந்தது. அந்தத் தெளிவைப் பார்க்கத்தான் அவருக்கு முடியவில்லை. "போதும்ணே. உங்க நாக்கு சொன்னா சரி. வேற எங்கயாச்சும் கசியுதான்னு பார்க்குறேன். நீங்க இருக்கிறதால எனக்கு ராத்திரி தூக்கம் வருது" என்று சொல்லிவிட்டுப் போனான்.

அன்று சாயங்காலம் மேனேஜர் கையில் ஒரு காகிதத்தோடு, சிரித்த முகமாக வந்தார். "நாக்குக்காரரே, உங்க தண்ணிக்குப் பாராட்டு வந்திருக்கு. உங்க வீட்டுப் பக்கம் பிள்ளைங்க காப்பகம் இருக்கில்ல, அங்கேர்ந்து. தண்ணி குடிக்கவே அடம் பிடிக்கிற பிள்ளைங்கெல்லாம் ரெண்டு நாளா கேட்டு வாங்கிக் குடிக்குதாம். நாளைக்கு நாலு கேன் ஜாஸ்தி வேணுமாம்."

நாக்குக்காரருக்குப் பெருமையாகத்தான் இருந்தது. வீட்டுக்கும் ஒரு கேன் எடுத்துப்போனார். ஊழியர்களுக்கு வாரம் ஒன்று உண்டு.

*

வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்குச் சின்னப் பாட்டில் தீர்ந்துபோனது. பதினோரு மணிக் கோப்பையை வெறும் வாயில்தான் பார்த்தார். ஒன்றுமில்லை. பன்னிரண்டு மணிக் கோப்பையைத் துப்பின பிறகு நாக்கின் நுனியில் ஏதோ ஒன்று, கூப்பிட்ட மாதிரியும் கூப்பிடாத மாதிரியும், இருந்தது. நோட்டைப் பார்த்தார். பன்னிரண்டு மணி வரிசையில் நாலு கட்டத்திலும் 'இல்லை' என்று அவர் கையெழுத்தில் ஏற்கெனவே இருந்தது. மூடிவைத்துவிட்டு வீட்டுக்குச் சாப்பிடப் போனார்.

மனைவி சிரித்துக்கொண்டே கதவைத் திறந்தாள். நிலைப்படியைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"என்ன, ஒரே சிரிப்பா இருக்கு?"

"தெரியலைங்க. காலையிலேர்ந்து தலை லேசா இருக்கு. ஊஞ்சல்ல உட்கார்ந்த மாதிரி." மறுபடியும் சிரித்தாள். "நீங்க சொல்லவே இல்லையே! கம்பெனியில தண்ணிக்குச் சர்க்கரை போட ஆரம்பிச்சிட்டாங்களா?"

"என்ன சொல்றே?"

"இந்தக் கேன் தண்ணிதான். அப்படி இனிக்குது. நாலு தம்ளர் குடிச்சிட்டேன், குடிக்கக் குடிக்க இன்னும் கேக்குது. உங்களுக்கா தெரியல? நாக்குக்காரருக்கா?"

அவர் செருப்பைக் கழற்றவில்லை. நேரே உள்ளே போய், தம்ளரில் பிடித்து, ஒரு மடக்கு வாயில் வைத்தார். உருட்டினார்.

வந்தது. தூரத்தில் யாரோ விளக்கைத் தூக்கிக்கொண்டு நடந்து வருகிற மாதிரி, மெல்ல மெல்ல நாக்கு பூராவும் வந்தது. தித்திப்பு. பதினாலு வருஷத்துக்கு முன்னால் வந்ததைவிட நூறு பங்கு. இது ஊசி ஓட்டை இல்லை.

துப்பினார். நாக்கு சாகவில்லை, இருக்கிறது. அப்படியென்றால் இத்தனை நாள் அதற்கு என்ன ஆயிற்று? மேடையில் இருந்த மருந்துப் பாட்டில் இப்போதுதான் கண்ணில் பட்டது.

"அந்த ஒட்டுச்சீட்டுல என்ன போட்டிருக்கு? படி. சீக்கிரம்."

மனைவி பாட்டிலைக் கண்ணுக்குப் பக்கத்தில் கொண்டுபோய், தூர வைத்து, மறுபடி பக்கத்தில் கொண்டுபோய் எழுத்துக் கூட்டினாள். "'ஒரு நாளைக்கு இரண்டு முறைக்கு மேல் வேண்டாம். விழுங்கக் கூடாது. கொப்பளித்த பின் சிறிது நேரம் இனிப்புச் சுவை குறையலாம்.' இவ்வளவுதான். ஏங்க, எழுத்தெல்லாம் ஏன் ஓடுது?"

கேன் தண்ணீரை ஒரு வெறும் பாட்டிலில் பிடித்துக்கொண்டு போய்ப் பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டினார். அந்த வீட்டம்மா கையில் மாவோடு வந்தாள். "இவளை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போங்க, இப்பவே, இந்த நிமிஷமே. கூலிங் மெஷின்ல ஊத்துற பாகு குடிக்கிற தண்ணியில கலந்துருச்சுன்னு சொல்லுங்க. இந்தப் பாட்டில்ல அந்தத் தண்ணி இருக்கு, டாக்டர்கிட்ட கொடுங்க. மறக்காதீங்க, கூலிங் பாகு."

"நீங்க வரலையா?" என்று மனைவி கேட்டாள். அவள் இன்னும் சிரித்துக்கொண்டிருந்தாள். கண்கள் மட்டும் சிரிக்கவில்லை.

"நீ போ. நான் வந்துடுறேன்."

படியிறங்கும்போதே மேனேஜருக்குப் போன் போட்டார்.

"சார், சிவப்புப் பொத்தானை அழுத்தச் சொல்லுங்க. தண்ணியில பாகு இருக்கு."

"என்னய்யா உளர்றே? பன்னண்டு மணிக்குக் கையெழுத்துப் போட்டிருக்கே. நோட்டு என் மேஜையில இருக்கு. நாலு இல்லை எழுதியிருக்கே."

"அதை நம்பாதீங்க சார்."

"உன் நோட்டை நம்பாம வேற எதை நம்புறது?"

"என் நாக்கு ஒரு வாரமா வேலை செய்யல சார். புதன்கிழமையே எனக்குத் தெரியும். பரீட்சைக்குப் பயந்து மறைச்சிட்டேன். மெக்கானிக் வந்து நேரா கேட்டான், அவன்கிட்டயும் பொய் சொன்னேன். எழுதினதெல்லாம் சும்மா எழுதினது. தயவுபண்ணி அழுத்துங்க சார்."

சொல்லியாகிவிட்டது. மூன்று நாளாக மறைத்தது, இத்தனை சுலபமாக வெளியே வந்துவிட்டது. அந்தப் பக்கம் நாற்காலி இழுபடுகிற சத்தம், யாரோ ஓடுகிற சத்தம். தூரத்தில் ஆலையின் சங்கு ஊதியது. அது நின்றபோது மேனேஜர் இன்னொரு போனில் யாரையோ கூப்பிட்டுக்கொண்டிருந்தார். திரும்பி வந்தபோது குரல் வேறு யாருடையதோ மாதிரி இருந்தது.

"காப்பகத்துக்குக் காலையிலயே அந்த நாலு கேனும் போயிருச்சுய்யா. போன் பண்ணினா அங்க யாரும் எடுக்கல."

நாக்குக்காரர் ஏற்கெனவே ஓடிக்கொண்டிருந்தார்.

இரண்டு தெருதான். வெயில் கொளுத்தியது. ஒரு செருப்பு அறுந்தது, உதறிவிட்டு ஓடினார். காப்பகத்தின் பச்சைக் கதவு தெரிந்தது. அந்த நேரத்தில் அந்தப் பக்கம் போனால் தெருமுனை வரை சத்தம் கேட்கும். அழுகை, கூச்சல், யாராவது ஒரு பிள்ளை மணியை இழுத்து அடிக்கிற சத்தம். ஒன்றுமே கேட்கவில்லை.

கதவைத் தட்டினார். டீச்சரம்மா வந்து, உதட்டில் விரலை வைத்துக் காட்டினார்.

"மெதுவா, மெதுவா. இப்பத்தான் கண் அசந்திருக்குதுங்க. சத்தம் கேட்கக்கூடாதுன்னு போனைக்கூட அடக்கி வச்சிருக்கேன். யார் வேணும்?"

"தண்ணிக் கம்பெனி. அந்தக் கேனு... தூங்குறாங்களா? ரெண்டு மணிக்கு மேலதானே தூங்குவாங்க?"

"இன்னிக்குப் பன்னண்டரைக்கே ஒவ்வொண்ணா சாய்ஞ்சிருச்சுங்க. விளையாடும்போதே தள்ளாடித் தள்ளாடி விழுந்து, அதுக்கு ஒரே சிரிப்பு. எனக்கும் சிரிப்புத்தான் வந்துச்சு." டீச்சரம்மாவின் முகம் பூரித்திருந்தது. "உங்க தண்ணி வந்ததிலேர்ந்து பாருங்க, ஒரு தொந்தரவு இல்ல. வயிறு நிறையக் குடிக்குதுங்க, நல்லா தூங்குதுங்க."

அவர் டீச்சரம்மாவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனார்.

திரை போட்டு இருட்டாக்கிய கூடம். இரண்டு வரிசையாகப் பாய்கள். ஒவ்வொரு பாய்க்கும் தலைமாட்டில் ஒரு சின்ன பிளாஸ்டிக் தம்ளர், மஞ்சள், நீலம், சிவப்பு. எல்லாத் தம்ளரும் காலி. மின்விசிறி சுற்றியது. ஒரு பிள்ளைகூடப் புரண்டு படுக்கவில்லை.

"எழுப்புங்க" என்றார். "எழுப்புங்கம்மா! எல்லாரையும்! ஆஸ்பத்திரிக்குப் போன் போடுங்க, தண்ணியில விஷம்!"

முழங்காலில் விழுந்து முதல் பாயில் இருந்த பெண்ணின் கன்னத்தைத் தட்டினார். அவள் சிணுங்கி, கண்ணைத் திறந்து, யாரிவர் என்று பார்த்தாள். இரண்டாவது பாயில் இருந்தவள் கையை உதறினாள், முகத்தைச் சுளித்தாள், அழ ஆரம்பித்தாள். அந்த அழுகை அவருக்கு உயிர் கொடுத்த மாதிரி இருந்தது.

மூன்றாவது பாயில் ஒரு பையன். மூன்று வயசுதான் இருக்கும். உதடு கொஞ்சம் திறந்து, ஈரமாக இருந்தது. சின்னச் சின்ன வெள்ளைப் பற்கள் தெரிந்தன.

"தம்பி" என்று கூப்பிட்டார்.

கன்னத்தைத் தட்டினார். தோளைப் பிடித்து உலுக்கினார். பின்னால் டீச்சரம்மா போனில் யாரிடமோ கத்துவது கேட்டது.

"தம்பி... கண்ணைத் திற ராஜா."

மறுபடியும் கூப்பிட்டார். இன்னும் சத்தமாகக் கூப்பிட்டார்.